பல்லவி சோபாவை நகர்த்திய கதை

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பல்லவி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். முன் அறையிலிருந்து சோபா போயாக வேண்டும்.

உலகத்தின் பெரிய முடிவுகளில் பல, வாயில் நுரையோடு எடுக்கப்பட்டவை. வாய் கொப்பளித்ததும் அவற்றில் பாதி நுரையோடு போய்விடும். இது போகவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். உறுதியான முகமாகத்தான் தெரிந்தது. கண்ணாடிக்கு என்ன, யார் முகத்தையும் மறுத்துப் பேசாது.

பல்லவி அவருடைய பெயர் அல்ல. ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் உட்கார்ந்து பொய்ப்பல் செட் செய்வது அவர் தொழில். பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்துக் கேட்பது அவர் பைத்தியம். பல்லையும் பாட்டையும் சேர்த்து நண்பர்கள் வைத்த பெயர் பல்லவி. பாடினதையே திரும்பத் திரும்பப் பாடுகிறவர் என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு என்று அவர் மனைவி சொல்வாள்.

அவளுக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அந்தப் பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. "ஓட்டறவன் தான்தான் ஓட்டறோம்னு நினைச்சுக்கிட்டே இருக்கணும். அதுதான் தொழில் ரகசியம்" என்பாள். நாள் முழுக்க அடுத்தவர்கள் காலில் தன் உயிரை வைத்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து, முன் அறைச் சன்னலோரச் சோபாவில் காலை நீட்டுவாள். அந்த ஒரு மணி நேரத்தில் இடி விழுந்தாலும் ஓரமாகத்தான் விழ வேண்டும்.

பல்லவியின் பாட்டுப் பெட்டிக்கு வாய்த்த இடம் பின்னறை. பக்கத்தில் வாஷிங் மெஷின். அது துணியைப் பிழியத் தொடங்கினால் தரை அதிரும். ஊசி குதிக்கும். கிட்டார் வாசிப்பவன் ஒரே தாவலில் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவான். இப்படியே எத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது? அதுவும், இசைத்தட்டு நண்பர்களின் ஊசிமுனைச் சபை இந்தச் சனிக்கிழமை அவர் வீட்டில் கூடப்போகும்போது?

"இங்க பாரு, ஒரு முடிவு பண்ணிட்டேன்."

"வாயைத் துடைச்சுட்டுச் சொல்லுங்க."

துடைத்தார். "செட்டை முன் ரூமுக்குக் கொண்டு வரப்போறேன்."

"எந்த செட்டு? மேல் பல்லா, கீழ்ப் பல்லா?"

"பாட்டு செட்டு!"

"அப்போ சோபா?"

"பின்னாடி போகுது."

"அப்போ நான்?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. யோசித்தவர்போல மோவாயைத் தடவினார். "அதாவது, ரெண்டு ஸ்பீக்கர், கேக்கறவர் ஒருத்தர். மூணும் சேர்ந்து ஒரு முக்கோணம். அப்பத்தான் சத்தம் சத்தமாக் கேக்கும்."

"கேக்கற மூலையில யாரு?"

"நான்தான்."

"அப்போ நான் எந்த மூலை?"

"உனக்கென்ன, நீ பாட்டா கேக்கற? உனக்கு ராக்குக்கும் கிளாசிக்கலுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். ராக் போட்டா பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். கிளாசிக்கல் போட்டா நீங்க குறட்டை விடுவீங்க."

பல்லவிக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. "என் காது என்ன காதுன்னு தெரியுமா உனக்கு? மேல் செட்டும் கீழ் செட்டும் தட்டிக்கற சத்தத்துலயே எங்க இடிக்குதுன்னு சொல்லிடுவேன்! எந்த ஆல்பம் வேணா போடு. கண்ணைக் கட்டிட்டுப் போடு. ஊசி விழுந்த உடனே சொல்றேன்."

அவள் கையிலிருந்த கார்ச் சாவியை மேசைமேல் வைத்தாள். அவள் சாவியைக் கீழே வைத்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

"சரி. சனிக்கிழமை நான் ஒரு தட்டு போடறேன். ராக்கா, கிளாசிக்கலா? ஒரே வார்த்தை. சரியாச் சொன்னா முன் ரூம் உங்களுக்கு. தப்பாச் சொன்னா பெட்டி வாஷிங் மெஷின்கிட்டயே இருக்கும். சாகற வரைக்கும் சோபா பேச்சை எடுக்கக் கூடாது."

"தப்பா? நானா?"

"இசை வேணும்னா வீட்டுல முதல்ல இசையணும்ல? நான் இசைஞ்சுட்டேன்."

பல்லவி குளியலறைக்குள் போய் விசில் அடித்தார். ஜெயித்தாகிவிட்டது. சனிக்கிழமை வெறும் சம்பிரதாயம்.

அன்று மாலையே அவள் பின்னறைக்கு வந்து நின்றாள். "தட்டு எப்படிப் போடறதுன்னு சொல்லிக்கொடுங்க."

அவருக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு மாலை வந்ததில்லை. வெளியே ஊரே 'மாஸ்டர்' என்று கூப்பிடும் பெண் இங்கே மாணவி. "முதல்ல கை கழுவிட்டு வா" என்றார். கழுவிவிட்டு வந்தாள். "தட்டை ஓரத்துலதான் பிடிக்கணும். நடுவுல விரல் படக் கூடாது."

"சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டீங்க. இந்தத் தட்டுக்குப் பட்டுத் துணி."

"வகுப்புல பேசாதே. இங்க பாரு, கீறல் எப்படி விழும்னு உனக்கே தெரியும்."

உறையில் சிவப்புக் குடை படம் போட்ட ஓர் ஆல்பம் அவரிடம் உண்டு. முரட்டு ராக். வாலிபத்தில் முதன்முதலாக வாங்கியது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடி பிசகாமல் பாடுவார். கல்யாணமான புதிதில் அவள் பெருக்கும்போது துடைப்பக் கட்டை பட்டு அதில் ஒரு கீறல் விழுந்தது. அன்றிலிருந்து அந்தக் கீறலை அவர் சொல்லிக்காட்டாத வாரம் இல்லை. சொல்லப்போனால் கீறல் விழுந்தது தட்டிலா, அவரிலா என்பதே சந்தேகம்.

"இந்தக் குச்சி எதுக்கு?" பெட்டியின் ஓரத்தில் இருந்த சின்ன லீவரைக் காட்டினாள். 16, 33, 45, 78 என்று நான்கு எண்கள்.

"தொடாதே! அது வேகம். நிமிஷத்துக்கு எத்தனை சுத்துன்னு. என் தட்டெல்லாம் முப்பத்துமூணுதான்."

"நாலு இருக்கே. பார்த்தா கியர் மாதிரி இருக்கு."

"கியரும் இல்ல, கிளட்சும் இல்ல. அந்தப் பதினாறெல்லாம் அந்தக் காலத்துல பிரசங்கம் கேக்கறதுக்கு. இப்போ யாரும் சீண்டறதில்ல. முப்பத்துமூணை விட்டு நகர்த்தவே கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க" என்றாள் அவள். அவ்வளவு நல்ல மாணவி.

சனிக்கிழமை விடிந்ததும் பல்லவி சோபாவைத் தன்னந்தனியாகப் பின்னறைக்குத் தள்ளினார். போட்டி முடியட்டுமே என்று அவள் சொல்லவில்லை. வழியில் இருந்த கால்மிதியை எடுத்துக் கொடுத்தாள். முன் அறையில் பெட்டி வந்து உட்கார்ந்தது. ஸ்பீக்கர்கள் இரண்டு மூலையில் நின்றன. மூன்றாவது மூலையில் தன் நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். பட்டாபிஷேகத்துக்கு ஒத்திகை.

மாலையில் சபை கூடியது. சபை என்றால் பல்லவியோடு சேர்த்து மூன்று பேர். கணக்கு வாத்தியார் கிளாசிக்கல் தவிர எதையும் காதில் ஏற்றாதவர். சிவப்புக் குடை ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயர் 'தகரக் கடை'. மருந்துக்கடைக்காரர் இரண்டு கட்சியிலும் சேராதவர். எதைப் போட்டாலும் தூங்குவார். எழுந்து, "அருமை" என்பார்.

வாத்தியார் ஒரு வயலின் தட்டைக் கொண்டுவந்திருந்தார். போட்டார்கள். மருந்துக்கடைக்காரர் தூங்கினார். அடுத்து பல்லவி ஒரு ராக் தட்டைப் போட்டார். வாத்தியார், காதில் வைக்கப் பஞ்சு இருக்கிறதா என்று மருந்துக்கடைக்காரரைத் தட்டி எழுப்பிக் கேட்டார். பிறகு பல்லவி எழுந்து தொண்டையைச் செருமினார்.

"இன்னிக்கு ஒரு விசேஷம். நம்ம வீட்டுல ஒரு தட்டு போடறாங்க. பார்க்காமலே நான் சொல்லப்போறேன்."

துணி உலர்த்தும் ஸ்டாண்டில் ஒரு போர்வையைப் போட்டு மறைத்து, அதன் பின்னால் பெட்டியருகே நின்றாள் அவள். ஊசி இறங்கியது.

முதலில் ஒரு முனகல். பூமிக்கு அடியிலிருந்து யாரோ பெரிய கதவைத் திறப்பதுபோல. பிறகு தடித்த நரம்பை வில்லால் இழுப்பதுபோல ஒரு நாதம், கனமாக, அவசரமே இல்லாமல். தூரத்தில் முரசு. அதற்கும் மேலே ஓர் ஆண்குரல். குரலா அது? கிணற்றுக்குள் இறங்கி உட்கார்ந்து யாரோ முதியவர் தன் பிழைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதுபோல இருந்தது. இடையிடையே, மாறாத இடைவெளியில், டொக்... டொக்... என்று ஓர் ஒலி.

பல்லவி கண்ணை மூடினார். உள்ளே ஏதோ உருகியது.

"கிளாசிக்கல்!" என்றார். "சந்தேகமே இல்ல. இது செல்லோ. பாடறவர் சாதாரணப் பாடகர் இல்ல, துறவி. அந்த டொக், டொக் கேக்குதா? மரக்கட்டைத் தாளம். காலம் நடந்து போற சத்தம் வாத்தியாரே அது!"

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க வேண்டியிருந்தது கண்ணாடியை அல்ல.

"இந்த மாதிரி ஒண்ணு... உங்க ராக்காரன் வாசிப்பானா?" என்றார் தழுதழுத்து.

பல்லவிக்குப் பெருந்தன்மை பொங்கியது. ஜெயிக்கிறவனுக்கு மட்டுமே பொங்கும் பெருந்தன்மை. "மனசைத் தொட்டுச் சொல்றேன். நான் கேட்ட ராக் எல்லாம் இதோட கால் தூசிக்குக்கூட வராது. அந்தச் சிவப்புக் குடை உள்பட!"

மருந்துக்கடைக்காரர் விழித்தே இருந்தார். சபையின் சரித்திரத்தில் அது முதல் தடவை.

வாத்தியார் போர்வைப் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா, இவர் சொன்னது சரியா?"

போர்வைக்குப் பின்னாலிருந்து அடக்கமான குரல் வந்தது. "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கைதட்டல். பல்லவி இரண்டு ஸ்பீக்கரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். இருந்த பற்களையெல்லாம் காட்டினார்.

"ஆல்பம் பேரு என்னம்மா?"

"அடுத்த கூட்டத்துல சொல்றேன் சார். அதுவரைக்கும் எல்லாரும் யோசிங்க."

"அடுத்த கூட்டமா? அம்மா நீங்க சபையில சேரணும். இத்தனை நாள் உங்களை டீ போட விட்டுட்டு நாம தட்டு போட்டிருக்கோமே! என்ன பல்லவி?"

"நானே முன்மொழியறேன்!" என்றார் பல்லவி. ஜெயித்த ராஜா தோற்றவருக்கு ஒரு சிற்றூரைக் கொடுப்பதில்லையா?

எல்லோரும் போனபின் அவர் தன் மூலையில் உட்கார்ந்து காலை நீட்டினார். முக்கோணம் முழுமையடைந்தது. "சொன்னேன்ல? காது!"

"சொன்னீங்க" என்றாள் அவள் போர்வையை மடித்தபடி. "இந்தத் தட்டை உறையில போட்டு வைங்க. ஓரத்துல பிடிச்சுக்கிட்டேன், நடுவுல விரல் படல."

ஒரு கையில் தட்டு, மறுகையில் உறை. உறையில் சிவப்புக் குடை.

"இது என்னோடது. அந்தத் துறவி எங்க?"

"உங்க கையிலதான் இருக்கார்."

தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பெட்டியருகே போய்க் குனிந்தார். லீவர் பதினாறில் நின்றது. பாதி வேகம்.

"கியரை மாத்திட்டியா!"

"நீங்கதானே அது கியர் இல்லன்னீங்க?"

"இது மோசடி!"

"ராக்கா கிளாசிக்கலான்னு கேட்டேன். ஸ்பீடைப் பத்தி யாராவது பேசினோமா?"

"நான் சொன்னது சரின்னு நீதானே எல்லார் முன்னாடியும் சொன்ன?"

"சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன். கல்யாணம் ஆனதுலேருந்து அதைத்தான் சொல்றேன். ஒரு தடவையாவது இருந்திருக்கா?"

பல்லவி தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கீறல் பளிச்சென்று தெரிந்தது.

"அப்போ அந்த டொக், டொக்..."

"நான் துடைப்பத்தால போட்ட கீறல்தாங்க. இத்தனை வருஷமா அதைத்தானே பாடிக்கிட்டிருக்கீங்க? இன்னிக்குத்தான் அதைக் காலம் நடக்கற சத்தம்னு மரியாதையாச் சொன்னீங்க. எனக்கே சந்தோஷமா இருந்தது."

ஒரு மனிதன் தான் உயிராக நேசிப்பதை எந்த அளவுக்கு அறிந்து வைத்திருக்கிறான் என்ற கேள்வி அப்போது பல்லவிக்குள் எழுந்தது. பெரிய கேள்வி. அதை உட்கார்ந்து யோசிக்க ஒரு சோபா இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குள் இன்னொரு நினைப்பு வந்து அவர் முகம் மலர்ந்தது.

"வாத்தியார் அழுதாரே! தகரக் கடைக்கு அழுதாரே! நாளைக்கே போய்ச் சொல்றேன். மனுஷன் தலையை எங்க வச்சுக்கறார்னு பார்க்கறேன்!"

"தாராளமா. கால் தூசிக்கு வராதுன்னது யாருன்னும் சேர்த்துச் சொல்லிடுங்க. நீங்க மறந்தா, அடுத்த கூட்டத்துல நானே சொல்றேன். இப்போ நானும் மெம்பர்தானே? முன்மொழிஞ்சதே நீங்கதான்."

துள்ளிய வேகத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்தார். பல் பிடுங்கிய பாம்பு என்பார்கள். பல் செய்கிறவரையே அப்படி ஆக்குவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். பல்லவி எவ்வளவு உச்சத்தில் எடுத்தாலும் பாட்டு முடிகிற இடம் சரணம்தான்.

அவர் பின்னறைக்குப் போனார். சோபாவுக்குப் பின்னால் நின்று தோளைக் கொடுத்தார். காலையில் வழுக்கிக்கொண்டு வந்த சோபா இப்போது மலைபோல அசைய மறுத்தது. முன் அறை வாசலில், கால்மிதியைத் தயாராகக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அவள் வழிகாட்டினாள்.

"அவசரமே இல்லைங்க. முதல் கியர்லயே வாங்க."