ஷாக் கொடுக்க மறுத்த மெஷினுக்கு மெமோ

செல்லக்கிளி பழைய நியூஸ் பேப்பரைக் கசக்கி, வாளித் தண்ணியில் முக்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரப் பேப்பரால் ஒரு தடவை, காய்ந்த பேப்பரால் ஒரு தடவை. அப்படித் துடைத்தால்தான் கண்ணாடி இருக்கிற இடமே தெரியாது. சூப்பிரண்டு ஜெயக்குமார் சாரின் உத்தரவு அது. தினமும் உள்ளே வந்ததும் அவர் அந்தக் கண்ணாடியில்தான் மீசையைப் பார்ப்பார். மீசை தெளிவாகத் தெரிந்தால் ஆபீஸ் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

கண்ணாடிக்குப் பின்னால், அரக்கு முத்திரை வைத்த பூட்டுக்குள், ஒரு மெஷின் சஸ்பெண்ட் ஆகி உட்கார்ந்திருந்தது.

மனுஷர்கள் சஸ்பெண்ட் ஆவது நாடறிந்த விஷயம். மெஷின் சஸ்பெண்ட் ஆன கதையை முறைப்படி முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

ஸ்ரீரங்கம் பாலத்தைத் தாண்டியதும் இருக்கிறது காவிரிப் படித்துறைகள் பராமரிப்புக் கோட்ட அலுவலகம். ஆற்றில் தண்ணி இல்லாதபோது படிகளை எண்ணுவதும், தண்ணி வந்ததும் 'படிகளைக் காணவில்லை' என்று மேலே எழுதுவதும் அவர்கள் வேலை. அந்த ஆபீஸுக்குத்தான் ஒரு கம்பெனிக்காரர்கள் புண்ணியத்துக்கு அந்த மெஷினைக் கொடுத்தார்கள். திடீரென்று யாருக்காவது இதயம் நின்றுபோனால், நெஞ்சில் ஒட்டி, ஷாக் கொடுத்து, திரும்ப ஓட வைக்கிற மெஷின்.

சொல்லிக்கொடுக்க மணிமேகலை என்று ஒரு நர்ஸம்மா வந்தார்கள். "ஆளு விழுந்து மூச்சு பேச்சு இல்லைன்னா உடனே 108-க்குப் போன் பண்ணுங்க. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு வேகமா, அழுத்தமா அமுக்கிக்கிட்டே இருங்க. இன்னொருத்தர் ஓடிப்போய் மெஷினைக் கொண்டாந்து பட்டனைத் தட்டுங்க. மீதியை அதுவே தமிழ்ல சொல்லும். படிச்சிருக்கணும்னு இல்லைங்க, யார் வேணும்னாலும் செய்யலாம். லேட் பண்ணாம இருந்தா போதும்" என்றார்கள்.

வராண்டாவைக் கூட்டிக்கொண்டிருந்த செல்லக்கிளிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. காரணம், கேட்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் பெரியண்ணன். அவள் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா. அவருக்கு இதய அடைப்புக்காக நெஞ்சில் குழாய் வைத்திருந்தது. பாலக்கரையிலிருந்து ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வருவார்கள். யாரைப் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொள்கிற அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "எங்க வீட்டுப் பொண்ணுங்க, வாய் இல்லை, கை உண்டு" என்று வேலையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். அன்றிலிருந்து அவள் அந்தப் பெட்டியைத் துடைக்கிறபோதெல்லாம், 'எங்க மாமாவைப் பார்த்துக்க' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஆனால் ஆபீஸுக்கு அந்த நர்ஸம்மாவின் ஒரு வார்த்தை முள்ளாகக் குத்தியது.

"அதெப்படி சார் யார் வேணும்னாலும் செய்யலாம்?" என்றார் ஜெயக்குமார். "யார் வேணும்னாலும் செய்யற வேலைக்கு ஆபீஸ் எதுக்கு?"

கோட்டப் பொறியாளர் அற்புதசாமிக்கும் அது நியாயமாகப் பட்டது. உடனே 'இதய நிற்றல் அவசரகால மேலாண்மைக் குழு' அமைக்கப்பட்டது. குழு வடை, டீயுடன் கூடியது.

"இதயம் நின்னா மெஷினை எடுக்க விண்ணப்பம் வேணும் சார்."

"யாரு கையெழுத்து போடறது?"

"சம்பந்தப்பட்டவர்தான் சார்."

"அவரு விழுந்து கிடப்பாரேய்யா?"

"கைநாட்டு போதும் சார். மை நம்ம செலவு."

அலுவலக நேரத்துக்குள் நிற்கும் இதயங்கள் மட்டுமே பரிசீலிக்கப்படும் என்றும் முடிவானது. மெஷின் திருடு போகக் கூடாதென்று கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு. சாவி தொலையக் கூடாதென்று அது ஜெயக்குமார் சாரின் இடுப்பில். "என் இடுப்புல இருக்கற வரைக்கும் இந்த ஆபீஸ்ல யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்று அவர் பெல்ட்டைத் தட்டிக் காட்டினார்.

வாசலில் 'இதயம் காக்கும் அலுவலகம்' என்று ஃபிளெக்ஸ் ஏறியது. எல்லோரும் மெஷின் பக்கத்தில் நின்று, ரெண்டு விரலை மடக்கி இதயம் மாதிரி காட்டி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். டைப்பிஸ்ட் அனுசுயாவின் ஸ்டேட்டஸுக்கு மட்டும் ஊரே லைக் போட்டது. அதுவரை எண்ணெய்க்குப் பயந்து ஒரு வடையோடு நிறுத்தியவர்கள், "அதான் மெஷின் இருக்குல்ல" என்று ரெண்டாவது வடைக்குக் கை நீட்டினார்கள். டாக்டர் நடக்கச் சொன்னவர்கள் நடையை நிறுத்தினார்கள். பெரியண்ணனிடம் தண்ணிக் கேனை மாடிக்குத் தூக்கிக் கொடுக்கச் சொன்னார்கள்.

"பளு தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க" என்றார் அவர்.

"அட, தூக்குங்க பெரியண்ணன். மெஷின் இருக்குல்ல!"

செல்லக்கிளி ஓடிப்போய்க் கேனில் ஒரு கை கொடுப்பாள். அவர், "விடு தாயி, மெஷினே இருக்காம்" என்று மூச்சு வாங்கச் சிரிப்பார்.

இப்படி அமோகமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

கம்ப்யூட்டர், கால்குலேட்டர், ஸ்டாப்ளர், ஜீப் சாவி, படி அளக்கிற டேப் எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். பூட்டுப் போட்ட நாளிலிருந்து முதல்முறையாக இடுப்புச் சாவி வெளியே வந்தது. மெஷினும் மேடை ஏறியது. செல்லக்கிளிதான் அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு இட்டு, சாமந்திச் சரம் சாத்தினாள். அவளே கொஞ்சம் கூடுதலாகச் சாத்திவிட்டாள். மாமாவின் மெஷின் அல்லவா.

காலையிலிருந்து விரதம் இருந்த ஜெயக்குமார் தீபாராதனை காட்டினார். கற்பூரம் அணைந்துவிடக் கூடாதென்று ஃபேனை நிறுத்தி, ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள். சாம்பிராணிப் புகையில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் தட்டு ஒரு பக்கம் போனது, சூப்பிரண்டு ஒரு பக்கம் போனார்.

"ஐயோ, சார் விழுந்துட்டாரு! மெஷினை எடுங்க!" என்று கத்தினார் பெரியண்ணன்.

"எப்படி எடுக்கறது? பூஜையில வெச்சாச்சே" என்றாள் அனுசுயா. "நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும்."

"எடுத்தா என்னம்மா ஆயிடும்?"

"இன்னைக்கு எந்த ஆயுதம் வேலை செய்யுதோ, அதுக்கு வருஷம் பூரா ஓயாத வேலை வருமாம்."

எல்லோரும் அதை யோசித்தார்கள். இந்த மெஷினுக்கு ஓயாத வேலை வருவதென்றால், வருஷம் பூரா ஒருத்தர் மாற்றி ஒருத்தர் விழ வேண்டும். அத்தனை பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

"இது உங்க சம்பிரதாயம், நான் தலையிட முடியாது. எழுதிக் குடுத்தீங்கன்னா மேலிடத்துக்கு அனுப்பறேன்" என்றார் அற்புதசாமி.

"மறுபூஜையை இப்பவே போட்டுட்டா?" என்றது ஒரு குரல்.

"பூஜை போடற ஆளுதான் கீழ கிடக்கறாரே!"

பெரியண்ணன் அதற்குமேல் நிற்கவில்லை. சாமந்திச் சரத்தோடு மெஷினைத் தூக்கிவந்தார். அதோடு இருந்த ரெண்டு உறையில் ஒன்றைப் பிரித்து, சூப்பிரண்டின் பனியனைத் தூக்கி, உள்ளே இருந்த பட்டைகளைப் படத்தில் காட்டியபடி நெஞ்சில் ஒட்டி, பட்டனைத் தட்டினார்.

"அமைதியாக இருங்கள்" என்றது மெஷின்.

அந்த ஆபீஸின் சரித்திரத்தில் ஒரு உத்தரவு உடனே நிறைவேறியது அதுதான் முதல் தடவை.

"நோயாளியைத் தொடாதீர்கள்." அற்புதசாமி ரெண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

"ஷாக் தேவையில்லை."

"என்னது?" என்றாள் அனுசுயா. "சூப்பிரண்டு கிரேடுக்குக் குடுக்காதா?"

வேர்வை தாங்காமல் அவளே ஃபேனைப் போட்டாள். கற்பூரம் அணைந்தது. ஜெயக்குமார் கண்ணைத் திறந்தார். திறந்ததும் முதல் கேள்வி: "யார் உத்தரவுல என் பனியனைத் தூக்கினீங்க?"

பசி மயக்கம்தான். ஒரு டம்ளர் மோரில் தெளிந்துவிட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் காட்டூரில் இருக்கிற தன் வீட்டுக்குப் போவதற்குள் அவர் 'கடுமையான இதயக் கோளாறு' என்று நீண்ட விடுப்புக்கு எழுதிப் போட்டுவிட்டார். லீவும் கிடைத்தது. திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது, ஆபீஸ் முழுக்க ஒரே பேச்சு: "ஷாக் தேவையில்லைன்னு மெஷினே சொல்லிடுச்சே!" கேன்டீன்காரர்கூட, "சாருக்கு டீ தேவையா, தேவையில்லையா?" என்று மெஷின் குரலில் கேட்டார்.

"எனக்குத் தேவையா இல்லையான்னு சொல்ல அது யாரு?" என்று குதித்தார் ஜெயக்குமார். "அது பர்மனென்ட்டா? எந்த கிரேடு? யாரு அதுக்கு அதிகாரம் குடுத்தது?"

மறுநாளே கண்ணாடியில் மெமோ ஒட்டப்பட்டது.

'உயர் அலுவலர் ஒருவர் தரையில் வீழ்ந்து கிடந்த நிலையில், தங்களுக்கு ஒப்படைக்கப்பட்ட கடமையைச் செய்ய மறுத்ததோடு, மறுத்ததைப் பலரும் அறிய உரத்த குரலில் அறிவித்தமைக்காகத் தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குரிய விளக்கத்தை எழுத்து மூலம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

மெஷின் விளக்கம் அளிக்கவில்லை. அதன் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டியது. 'மேலதிகாரியைப் பார்த்துக் கண் சிமிட்டியது' என்று அது தனிக் குற்றச்சாட்டாகச் சேர்ந்தது. விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட். பூட்டின் மேல் அரக்கு முத்திரை. உடைத்தால் கேஸ். கண்ணாடியில் கீறல் விழுந்தால் துடைக்கிறவளுக்கு வேலை கிடையாது.

அனுமதியில்லாமல் மெஷினுக்கு உடந்தையாக இருந்ததாகப் பெரியண்ணனுக்கும் ஒரு மெமோ. விசாரணைக்கு வேண்டிய ஃபைல் கட்டுகளை எல்லாம் மாடிக்குச் சுமக்கும் பொறுப்பும் அவருக்கே.

"மாமா, நான் தூக்கறேன்" என்று இன்று காலையிலும் செல்லக்கிளி கேட்டாள்.

"நீ தொட்டா உனக்கும் மெமோ குடுப்பாங்க தாயி. உன் பொண்ணு வைஷ்ணவியை ஸ்கூல்ல சேர்க்க வேணாமா? போ, போய்க் கண்ணாடியைத் துடை."

அதனால்தான் அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரப் பேப்பர் முடிந்து காய்ந்த பேப்பரை எடுத்திருந்தாள். மெமோவின் ஓரத்தில் தண்ணி படாமல், மெதுவாக.

மாடிப்படியில் ஏதோ சரிந்த சத்தம் கேட்டது. முதலில் கட்டுகள் உருண்டன. அப்புறம் காகிதங்கள் ஒவ்வொன்றாகப் படி இறங்கி வந்தன. கடைசியாகப் பெரியண்ணனின் செருப்பு ஒன்று வந்தது.

"ஐயோ, பெரியண்ணன்! மூச்சு இல்லையே!" அனுசுயா அலறிக்கொண்டே 108-க்குப் போட்டாள்.

எங்கிருந்துதான் வந்தார்களோ, மெஷினுக்கு மெமோ எழுதியவர், டைப் அடித்தவர், கையெழுத்துப் போட்டவர், கண் சிமிட்டியதற்குச் சாட்சி சொன்னவர் அத்தனை பேரும் பெட்டியைப் பார்த்து ஓடிவந்தார்கள். முன்னால் வந்த ஜெயக்குமார் வந்த வேகத்தில் கையை உள்ளே விட்டார். கண்ணாடி இருக்கிற இடமே தெரியாதபடி துடைத்திருந்ததால், விரல் மடங்கி, "அம்மா!" என்றார்.

"சாவி எங்க சார்? சாவி!"

இடுப்பைத் தடவினார். பெல்ட்டைத் தடவினார். முகம் வெளுத்தது. "சஸ்பெண்ட் ஆன மெஷினுக்குச் சாவி எதுக்குன்னு... வீட்டு பீரோவுல..."

"முத்திரையை உடைச்சா கேஸ் ஆயிடுமே சார்?"

"குழுவைக் கூட்டலாமா?"

"குழுவும் வேணாம், மண்ணும் வேணாம்!" என்று படிக்கட்டில் இருந்து ஒரு குரல் வந்தது. கோட்டப் பொறியாளர் அற்புதசாமிதான். யார் உத்தரவும் இல்லாமல் காகிதங்களின் மேலேயே மண்டி போட்டு, ரெண்டு கையாலும் பெரியண்ணனின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி நழுவித் தொங்க, சட்டையெல்லாம் வேர்வை. "யார் வேணும்னாலும் செய்யலாம்னாங்களேய்யா! யாராவது செய்யுங்களேன்! செல்லக்கிளி! எம்மா செல்லக்கிளி! மெஷினைக் கொண்டா தாயி!"

அந்த ஆபீஸில் அவளை யாரும் அப்படி எதற்கும் கூப்பிட்டதில்லை. செல்லக்கிளி ஒரு தடவை மெமோவைப் பார்த்தாள், ஒரு தடவை உள்ளே சிமிட்டுகிற பச்சை விளக்கைப் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளிக்குங்க சார்" என்று சூப்பிரண்டை ஒதுக்கிவிட்டு, தண்ணியைக் கீழே கவிழ்த்து, இரும்பு வாளியைத் தலைக்கு மேலே தூக்கி, "இதோ வந்துட்டேன் மாமா" என்று, இத்தனை நாள் கீறல் படாமல் துடைத்து வைத்த அந்தக் கண்ணாடியின் நட்டநடுவில் ஓங்கி இறக்கினாள்.