துத்தம் போடாத பசை

அவசரகாலத்தில் மலாக்கா மாநிலத்திலேயே போலீஸ் கண்ணெதிரில் அப்பம் கடத்திய ஒரே மனுஷன் பசைவாளி அண்ணன்தான். எனக்கு வர வேண்டிய பெயர் அது.

ஜாசின் பக்கம் எங்கள் தோட்டத்தில் அரசாங்க நோட்டீஸ் ஒட்டுவது அவர் வேலை. கோதுமை மாவில் பசை காய்ச்சி, கரப்பான் தின்னாமலிருக்க மயில்துத்தம் கலப்பார். கல்யாணத்துக்கும் வாளியோடுதான் வருவார். பந்தியில் வாளிக்கு இலை போடாததுதான் பாக்கி.

அப்போது நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி சோறுகூட கேட்டைத் தாண்டக்கூடாது. எங்கள் வேதக்கோயிலோ வேலிக்கு வெளியே. ஈஸ்டருக்கு அப்பமும் ரசமும் வைத்துத் திருவிருந்து மேசையை ஆயத்தம் செய்கிறவனே இனி கோயில்பிள்ளை என்று போதகர் சொல்லிவிட்டார். அந்த வேலைக்காக நான் உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். பசைவாளி அண்ணனிடமே என் யோசனையைச் சொன்னேன்.

"கோயிலுக்குப் பின்னால மரவள்ளி கெடக்குண்ணே. அவிச்சு வெச்சுட்டு சிரப் ஊத்திக்கலாம்லா."

"கர்த்தர் பிட்டது மரவள்ளியாடா? கோதுமைதான். திராட்சைதான். போடா."

எனக்கு வெறி ஏறிவிட்டது. ஈஸ்டர் காலையில் ரப்பர் பால்வாளிக்குள் ரொட்டியை ஒளித்துக்கொண்டு போனேன். கேட்டில் போலீஸ்காரர் ரொட்டியைச் சாக்கடையில் எறிந்துவிட்டு என்னை வெயிலில் நிறுத்தினார்.

பசைவாளி அண்ணன் வந்தார். வாளி நிறையப் பசை, இடுப்பில் மசிப்புட்டி.

"அபா இனி?" என்னவென்று மலாயில் கேட்டார் போலீஸ்காரர்.

"காம் லா, துவான். பசைதான், நோட்டீஸ் ஒட்ட."

போலீஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கடித்துக் குதறலாம் போலிருந்தது.

என்னை விட்டதும் ஓடினேன். கோயிலுக்குப் பின்னால் அவர் பசையைத் தகரத்தில் மெல்லிசாகத் தேய்த்து அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். மசிப்புட்டியில் கிஸ்மிஸ் திராட்சை வேகவைத்து வடித்த சாறு.

"துத்தம் போட்ட பசையாச்சே, எல்லாரையும் கொல்லப் போறீங்களா?"

"ஈஸ்டர் வருதுன்னு துத்தத்த நிறுத்தி நாளாச்சுடா. வெறும் மாவும் தண்ணியும். வாளியும் கொதிதண்ணில கழுவினது."

போதகர் அவரைக் கட்டிக்கொண்டார். கோயில்பிள்ளை வேலை அவருக்கே போனது.

ஆனால் துத்தமில்லாத நோட்டீஸைக் கரப்பான் விடுமா? தலைக்கு விலை வைத்த ஆளின் படத்தில் தலையையே தின்றுவிட்டிருந்தது. தோட்டத்துத் துரை பார்த்தார். அண்ணனைப் புல்வெட்டுக்குத் தள்ளி, வாளியை என்னிடம் கொடுத்தார்.

"வாளி எவன்கிட்டயோ மேசையும் அவன்கிட்டதான்," என்று அண்ணனே போதகரிடம் சொல்லிவிட்டார். பிறகு என் காதில், "நோட்டீஸுக்கு வேற வாளி வெச்சுக்கடா. எனக்கு அது தோணாமப் போச்சு."

அடுத்த திருவிருந்துக்கு நான் சுட்ட அப்பம் ஓடு மாதிரி இருந்தது. எல்லாரும் அவசரமாக விழுங்கினார்கள். கடைசியில் மண்டியிட்டிருந்த அவர் மட்டும், இருக்கிற கொஞ்சம் பல்லால், அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தார்.

அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். ஆனாலும் அன்று அவர் அப்படி மென்று முடிக்கும்வரை, கிண்ணத்தை எடுத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை.