பச்சை சோபா மாடி ஏறிய கதை

சோபா மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மேல் பக்கம் கெர்பன் மாட்டிக்கொண்டிருந்தான். கீழ்ப் பக்கம் எதிர்வீட்டுக்காரர் ஃபொக்கமா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நடுவில், மாடிப்படி வளைகிற இடத்தில், கடல் பச்சை நிறத்தில் புத்தம் புது சோபா அடைத்துக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க!" என்றான் கெர்பன்.

"எந்தப் பக்கம்யா சாய்க்கறது? ரெண்டு பக்கமும் சுவரு!"

வாசலிலிருந்து பக்கத்து வீட்டு ஆலிடாவின் குரல் வந்தது. "ஏம்ப்பா, இந்தச் சந்துல ஒரு சைக்கிளைத் திருப்பணும்னாலே நாலு பேரு ஒதுங்கணும். யாரைக் கேட்டு இவ்வளவு பெரிய சோபாவை வாங்கின?"

"நான் வாங்கலை அக்கா. யொலன்டா வாங்கினது."

"ஓஹோ" என்றாள் ஆலிடா. அதற்கப்புறம் சோபாவைப் பற்றி அவள் குறை சொல்லவே இல்லை.

நெதர்லாந்தில், லைடன் ஊரின் பழைய பகுதியில், வாய்க்காலை ஒட்டிய சந்தில் கெர்பனுக்கு வீடு. பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். பள்ளி நடந்து போகிற தூரம். ரொட்டிக்கடை, பாலாடைக்கட்டிக் கடை, பல் டாக்டர், பீர் கடை எல்லாமே நடந்து போகிற தூரம். அவன் காதலி யொலன்டா ஒருத்திதான் ரயிலேறிப் போகிற தூரத்தில் இருந்தாள். ஸூட்டர்மேர் என்ற புது ஊரில் ஆறாவது மாடி, லிஃப்ட், கார் நிறுத்தத் தனி இடம் என்று சௌகரியமான வீடு அவளுக்கு.

நான்கு வருஷமாகக் கெர்பன் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தான், இங்கேயே வந்துவிடு என்று. போன வாரம்தான் அவள் மனம் இறங்கினாள்.

"சரி, வரேன். ஆனா முதல்ல என் சோபா வரணும். அது முழுசா உன் மாடி அறைக்குள்ள போன அன்னிக்கு நான் பெட்டியோட வந்து நிப்பேன்."

கெர்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே தன் பழைய சாய்வு நாற்காலியை யாருக்கோ தூக்கிக் கொடுத்தான். அலமாரியில் பாதியைக் காலி செய்தான். சோபாவின் அளவை மட்டும் கேட்கவில்லை. அந்தச் சந்துக்காரர்கள் யாருக்குமே அதைக் கேட்கத் தோன்றாது. அங்கே ஒவ்வொரு வீட்டு உச்சியிலும் ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் கொக்கி இருக்கும். ஏற்றும் சாமான் சுவரில் இடிக்கக் கூடாதென்று வீடுகள்கூட முன்பக்கமாகக் கொஞ்சம் குனிந்தே நிற்கும். பீரோ, பியானோ, குளியல் தொட்டி எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கொக்கியில் தொங்கி, ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் குடியேறியிருக்கின்றன. கொக்கி இருக்கும்வரை உள்ளே போகாத சாமான் உலகத்திலேயே கிடையாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்தத் தைரியத்தில்தான் கெர்பன் முதலில் படியில் முயன்று பார்த்தான்.

ஆலிடா ஒரு வாளி பச்சைச் சோப்புக் கரைசலைக் கொண்டுவந்தாள். "சுவத்துல பூசுங்க, வழுக்கிட்டு வந்துடும்."

வந்தது. ஃபொக்கமாவையும் சேர்த்துக்கொண்டு வாசல் வரை வந்தது.

"எனக்கு ஒண்ணும் ஆகலை" என்றார் ஃபொக்கமா, சோபாவுக்கு அடியிலிருந்து.

கெர்பன் யொலன்டாவுக்கு ஃபோன் செய்தான். "படியில போகலைம்மா."

"அடடா, போகலையா? பரவாயில்லப்பா. நீ உடம்பை வருத்திக்காத. இப்ப என்ன அவசரம்?"

எவ்வளவு தங்கமான மனசு என்று கெர்பன் உருகிப்போனான். வேறு ஒருத்தியாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள்.

ஹில்பர்ட் என்பவரின் கடையில் கயிறும் கப்பியும் வாடகைக்குக் கிடைக்கும். ஃபொக்கமா சைக்கிளில் போனார். அதற்குள் சந்தில் கிடந்த சோபாவைச் சுற்றுலாப் பயணிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். இருவர் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் காலை நீட்டிப் படுத்தே விட்டார். கூட்டத்தைக் கூட்டிவந்த வழிகாட்டிப் பெண், "இந்தச் சந்துல சாமானை வெளியே போட்டு உட்கார்ந்து அரட்டை அடிக்கிறது பழைய வழக்கம்" என்று கூசாமல் சொன்னாள்.

"எந்திரிங்க, எந்திரிங்க!" என்று ஆலிடா துடைப்பத்தோடு வந்தாள். அதையும் படம் எடுத்தார்கள்.

கயிறு வந்தது. "ஹில்பர்ட் வெளிய போயிருக்கார். அவர் மகதான் எடுத்துக் குடுத்தா. சாயங்காலம் அவரே வந்து வாங்கிக்குவாராம்" என்றார் ஃபொக்கமா.

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். சோபா அலுங்காமல் குலுங்காமல் ஏறியது. மாடி ஜன்னலுக்கு நேராக வந்து நின்றது. ஆலிடா மாடிக்கு ஓடி, ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு சாண் இடிக்குது."

"திருப்பிப் பாருங்க அக்கா!"

"எப்படித் திருப்பினாலும் அந்த ஒரு சாண் இடிக்குது."

"அப்ப ஜன்னல் சட்டத்தைக் கழட்டிடலாம்" என்றான் கெர்பன்.

கயிற்றைப் பிடித்தபடியே ஃபொக்கமா தொண்டையைச் செருமினார். அவர் பழங்கட்டடப் பாதுகாப்புக் குழுவில் உறுப்பினர். "கெர்பன், பக்கத்துல இருக்கறவன்கிற முறையில கயிறு இழுக்கறேன். ஆனா குழு உறுப்பினர்ங்கிற முறையில, அந்தச் சட்டத்து மேல கை வைக்க நீ மனு போடணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"குழு கூடணும். நானும் போகணும். நீ கைவச்சா நானே எதிர்ப்புத் தெரிவிப்பேன்."

"கயிறை விட்டுடாதீங்க!"

"அதை விடமாட்டேன். அது வேற, இது வேற."

கெர்பன் ஒரு கையில் கயிறும் மறுகையில் ஃபோனுமாக நின்றான். "ஜன்னல்லயும் போகலை யொலன்டா."

"ஐயோ பாவம், நீயும் எவ்வளவுதான் பாடுபடுவ! பேசாம திருப்பி அனுப்பிடு. ஞாயித்துக்கிழமை எப்பவும் போல நானே ரயில்ல வரேன். இப்படியே நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இல்லை யொலன்டா" என்றான் கெர்பன். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன்னை ரயிலேத்திட்டு வந்து இந்த வீட்டுக் கதவைத் திறக்கறப்ப எனக்கு அழுகையா வருது. எப்படியாவது ஏத்திடறேன்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. தன்மேல் உள்ள அக்கறைதான் என்று கெர்பன் நினைத்தான்.

கை ஓய்ந்துபோயிற்று. ஆலிடா காபியும் ஆப்பிள் கேக்கும் கொண்டுவந்தாள். கயிற்றை எங்காவது கட்டிவிட்டுச் சாப்பிடலாமே என்று பார்த்தார்கள். சந்து முனையில் வண்டிகள் நுழையாமல் தடுக்க ஓர் இரும்புத் தூண் இருந்தது. காலையில் சோபாவைக் கொண்டுவந்த வண்டிக்காரர்கள் கெஞ்சியும் வழிவிடாத தூண் அது. அதைவிட உறுதியானது அந்த வட்டாரத்திலேயே கிடையாது. நன்றாக இழுத்துக் கட்டினார்கள்.

கேக்கில் பாதிகூடத் தின்றிருக்க மாட்டார்கள். சாக்கடை அடைப்பு எடுக்கும் நகராட்சி வண்டி வந்து முனையில் நின்றது. நகராட்சி வண்டிகளுக்கு மட்டும் தானாக வழிவிடும் அந்தத் தூண், அதை அடையாளம் கண்டுகொண்டு மரியாதையாகத் தரைக்குள் இறங்கியது.

"கயிறு!" என்று கத்தினார் ஃபொக்கமா.

கயிறு தூணின் தலை வழியாகக் கழன்று அவர்களைத் தாண்டிப் பறந்தது. சோபா வந்த வழியே திரும்பியது. பெரிய சத்தம். நல்லவேளையாகக் கீழே யாரும் இல்லை, ஆலிடாவின் துடைப்பத்துக்கு எல்லோரும் பயந்திருந்தார்கள். நடுவில் பிளந்து இரண்டாகக் கிடந்தது யொலன்டாவின் சோபா.

கெர்பனுக்கு உலகமே இருண்டுவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தான். "போச்சு. அவ வரமாட்டா. எல்லாம் போச்சு."

ஃபொக்கமா குனிந்து பார்த்தார். ஒரு பாதியைத் தூக்கினார். மறுபாதியைத் தூக்கினார். அவர் முகம் மலர்ந்தது. "அட, எழுந்திருய்யா! இப்ப இது படியில போகும்!"

போயிற்று. முதல் பாதி சோப்புச் சுவரில் வழுக்கிக்கொண்டு ஏறியது, இரண்டாவது பாதி அதைவிட வேகமாக ஏறியது. ஃபொக்கமா அடியில் பலகை கொடுத்துத் திருகாணி முறுக்கினார். ஆலிடா கிழிந்த இடத்தைத் தைத்து, மேலே ஒரு சால்வையைப் போட்டாள். உட்கார்ந்தால் லேசாக முனகியது, அவ்வளவுதான்.

கெர்பன் அதில் உட்கார்ந்துகொண்டே ஃபோன் செய்தான். "போயிடுச்சு!"

"எது?"

"உன் சோபா! முழுசா உள்ள வந்தாச்சு! அதுமேல உட்கார்ந்துதான் பேசறேன்!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"யொலன்டா?"

"நிஜமாவா? உள்ளேயா? நல்லாப் பார்த்தியா?"

"பார்க்க என்ன இருக்கு? நான் உட்கார்ந்திருக்கேனே! நீ எப்ப வர்ற?"

"நான்... அப்புறம் கூப்பிடறேன்."

ஃபோனை வைத்துவிட்டுக் கெர்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பேச்சே வரலை அவளுக்கு. சந்தோஷத்துல தொண்டை அடைச்சிடுச்சு" என்றான். ஆலிடாவுக்கும் கண் கலங்கியது. ஃபொக்கமா மீதிக் கேக்கைப் பங்கு போட்டார்.

அப்போதுதான் படியில் வழுக்கி வழுக்கி ஏறி வந்தார் ஹில்பர்ட், கயிறு வாங்க. சோபாவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி சோபாவைப் பார்த்தார்.

"இது எப்படி சார் உள்ள வந்துச்சு?"

"மனசு இருந்தா வரும்" என்றான் கெர்பன், பெருமையாக.

ஹில்பர்ட்டின் பார்வை சுவரில் மாட்டியிருந்த யொலன்டாவின் படத்துக்குப் போயிற்று.

"அட, இந்தம்மாவா! போன மாசம் என் கடைக்கு வந்தாங்க சார். இந்தச் சந்து ஜன்னல் ஒண்ணோட அகலத்தைச் சொல்லி, இந்த சோபா படத்தையும் காட்டி, கொக்கியில தூக்கினா உள்ள போயிடுமான்னு கேட்டாங்க. தலைகீழா நின்னாலும் போகாதும்மான்னேன். 'உறுதியாத்தானே சொல்றீங்க?'ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டு, அங்கயே நின்னு ஃபோன் பண்ணி இதை வாங்கினாங்க."