சாயங்காலம் ஆரம்பித்த புரோகிராம் காலையில் செய்யாத குற்றம்

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

அண்ணன் மகள் பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், நெட் உட்பட. தங்கள் நலமும் கிளினிக்குக்கு வந்தவர்களின் பல் நலமும் அறிய ஆவல்.

இன்று காலை தங்கள் கிளினிக்கின் இணைய அப்பாயின்ட்மென்ட் பக்கம் விழுந்து எழுந்து, வந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தைக் கொடுத்ததும், வீங்கிய கன்னத்தோடு இரண்டு பேர் ஒரே நாற்காலியில் பாதி பாதி உட்கார்ந்ததும் சித்தி சொல்லித் தெரிந்துகொண்டேன். பிறகு தாங்கள் போன் செய்து, பின்னால் யாரோ வாயைத் திறந்தபடி "ஆ" என்றுகொண்டிருக்க, "ஏய் சவுண்டு சர்வீஸ், ஒரு ஓரமா இருக்கட்டும்னு இடம் கொடுத்தா என் சர்வரையே சாச்சுட்டியா? ஆறு மணிக்கு உன் பாடகியோட ரசிகர் பக்கத்தை அழிக்கிறேன். உன் பாடகி வந்து இங்க பல்லு பிடுங்குவாளா?" என்றீர்கள். பிடுங்க மாட்டாங்க சித்தப்பா. ஆனா இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு அவங்க புதுப் பாட்டு வருது, ஊர்ப்பட்ட பேர் என் பக்கத்துலதான் காத்துக்கிட்டு இருக்காங்க, அதனால பதறிப்போய் சர்வருக்குள்ள போய்ப் பார்த்தேன். எந்த புரோகிராம் எப்போ ஆரம்பிச்சுதுன்னு ஒரு பட்டியல் வரும். பாடகி எதையாவது போஸ்ட் பண்ணினா தானா எழுந்து எல்லாருக்கும் தகவல் சொல்ற என் புரோகிராம் இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சிருக்கு. நான் இதைப் பார்க்கும்போது மத்தியானம், சித்தி இன்னும் சாப்பிடக்கூட போகல. இன்னும் பிறக்காத குழந்தை உங்க கண்ணாடியில கல்லெறிஞ்சதுன்னு சொன்னா எந்தக் கோர்ட்டு ஒத்துக்கும்? அதோட, அதே பட்டியல்ல உங்க அப்பாயின்ட்மென்ட் பக்கமும் அஞ்சு மணிக்கு மேலதான் ஆரம்பிச்சிருக்கு. ஆரம்பிக்காத பக்கம் எப்படி விழும்? ஆக மொத்தம் காலையில உங்க கிளினிக்குல எதுவுமே நடக்கல. அந்த ரெண்டு பேர்கிட்டயும் இதைப் பொறுமையா எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க, ஒருத்தருக்கு மரத்துப்போற ஊசி வேற போட்டிருக்கீங்க.

எனவே அழிக்கும் முடிவைத் தாங்கள் கைவிட வேண்டுகிறேன். சித்திக்கு என் வணக்கம், நாற்காலிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
தங்கள் சவுண்டு சர்வீஸ்

பின்குறிப்பு: சர்வர் கம்பெனிக்காரர் இப்பதான் பதில் போட்டார். நம்ம சர்வர் ஓடுற அவங்க பெரிய மெஷின்ல கடிகாரக் கணக்கு தப்பாம், பட்டியல்ல எல்லாமே ஏழு மணி நேரம் கூடக் காட்டுதாம். சித்தப்பா, தயவுசெஞ்சு கழிச்சுப் பார்க்காதீங்க. சித்திகிட்டயும் சொல்லாதீங்க, அவங்க விரல் விட்டே எண்ணிடுவாங்க. காலையில பத்து மணிக்கு, நான் தூங்கிட்டு இருந்தப்போ, பாடகி ஒரு போட்டோ போட்டிருக்காங்க. சிரிக்கிற போட்டோ. அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பாருங்க, ஒரு பல்லு டாக்டரா சொல்லுங்க, அந்தப் பல்வரிசைக்கு ஒரு சர்வர் விழக்கூடாதா?