மாமாவின்ர எஸ்டேட்

போன கிழமை எனக்கு இருந்தது ரெண்டே ரெண்டு வேலை. வரிக் கணக்குக் குடுக்கவேணும், வாங்கின காருக்கு இன்சூரன்ஸ் எடுக்கவேணும்.

லண்டனில இருந்து இந்த நாட்டுக்கு வந்து எனக்கு இது முதல் வருசம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட், பிக்கரிங்கில இரவு வேலை. அந்த நேரத்துக்கு எனக்கு பஸ் சரிவராது. ஏத்திக்கொண்டு போன சிநேகிதனும் வேலையை விட்டிட்டான். இன்சூரன்ஸ் இல்லாட்டி எனக்கும் வேலை இல்லை.

அஜின்கோர்ட்டில வசந்தி எண்டவ ரெண்டையும் செய்து தருவா. நம்பர் தந்தது லண்டன் மாமா. அவையள் ரெண்டு பேரும் ஒரே ஊர்.

சிநேகிதன் கடைசியா ஏத்திவந்த அண்டைக்கு, வேலை முடிஞ்சு வந்து, அரை நித்திரையில வசந்திக்குப் போன் அடிச்சன்.

முதல்ல வரிக் கணக்கு. லண்டனில ஏதும் சொத்துப்பத்துக் கிடைச்சதோ எண்டா. நேர்மையான மனுசனெல்லே நான்!

"பெரிசா ஒண்டுமில்லை. மாமாவின்ர பழைய எஸ்டேட் எனக்கு வந்தது."

லண்டனில எஸ்டேட் எண்டால் பின்பக்கம் நீண்ட கார். இங்க எஸ்டேட் எண்டால் செத்தவர் விட்டிட்டுப் போன சொத்தாம். எனக்கு எப்பிடித் தெரியும்?

வசந்தியின்ர குரல் தணிஞ்சுது. மனசைத் தேத்திக்கொள்ளுங்கோ எண்டா. ஒரு பழைய காருக்கு இவ்வளவு இரக்கமோ எண்டு எனக்குக் கண் கலங்கிப்போச்சுது.

கடைசியில கஷ்டமோ எண்டு கேட்டா. ஒரே இருமலும் புகையும், குளிருக்குள்ள அது அசையவே மாட்டுது எண்டன். மாமாவை 'அது' எண்ட என்னைப் பற்றி அவ என்ன நினைச்சாவோ!

வீட்டிலயோ முடிஞ்சது எண்டா. இல்லை, நடுச்சந்தியில, நாலு பேர் ஓரத்துக்குத் தள்ளிவிட்டவை எண்டன்.

"பிறகு?"

"பிறகென்ன, பாகம் பாகமாக் கழட்டி வித்திட்டன்."



"அண்ணை, நீங்கள் முதல்ல நித்திரை கொள்ளுங்கோ" எண்டு வைச்சிட்டா.

கொண்டன். எழுப்பினது லண்டன் போன். துக்கம் விசாரிக்க வசந்தி அங்க அடிச்சிருக்கிறா. எடுத்தது மாமா!

"எடேய், என்னைக் கழட்டி வித்தனியாம்?"

கார் எண்டு விளங்கப்படுத்தினன். மனுசன் சிரிக்கேல்லை. லண்டனில நான் விபத்தில்லாமல் ஓடினதுக்குக் கடிதம் குடுத்தாத்தான் இங்க இன்சூரன்ஸ். அந்தக் கார் எனக்கு வந்த பிறகும் இன்சூரன்ஸ் மாமாவின்ர பேரிலதான். அவர் கேட்டாத்தான் அங்க கடிதம் குடுப்பினம்.

கேட்டுத் தாங்கோ மாமா எண்டு கெஞ்சினன்.

"செத்தவன் எப்பிடியடா கேக்கிறது?"

அதுக்குப் பிறகுதான் சிரிச்சார். சிரிப்பு இருமலாகி, மாமி தண்ணி கொண்டு ஓடிவந்த சத்தமும் கேட்டுது. நான் பயந்துபோனன். கடிதம் வாறவரைக்குமாவது மனுசன் இருக்கவேணும்!

அண்டிரவு லீவு. அடுத்த நாள் ஈமெயிலில கடிதம் வந்திட்டுது. பின்னேரம் இன்சூரன்சும் சரி. வேலை தப்பிச்சுது.

மாமாவுக்கு மட்டும் இன்னும் மனம் ஆறேல்லை. தான் உயிரோட இருக்கிறதை வரிக் கோப்பில பதியவேணுமாம். வசந்தியிட்டக் கேட்டன்.

"செத்ததுக்கு இருக்கு அண்ணை. உயிரோட இருக்கிறதுக்குப் படிவம் இல்லை."