ஸ்டூல் அண்ணாச்சியும் மடித்துக் கட்டிய வேட்டியும்

உலகத்திலேயே ஆபத்தான இடம் எதுவென்று கேட்டால் ஸ்டூல் அண்ணாச்சி கடலையும் சொல்லமாட்டார், காட்டையும் சொல்லமாட்டார். எங்கள் ஜவுளிக்கடையில் மேல்தட்டுத் துணியை எடுக்க ஏறுகிற மர ஸ்டூலைத்தான் சொல்வார். குழித்துறை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். அங்கே நானும் அவரும் விற்பனைக்கு நின்றோம்.

யார் ஏறினாலும் ஓடிவந்து ஸ்டூல் காலைப் பிடித்துக்கொள்வார். முதலாளியே ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டித்தான் ஏற வேண்டும். பெரியவர்களைக் கண்டால் மடிப்பை இறக்கிவிடுவது எங்கள் பக்கத்து மரியாதை. அண்ணாச்சியிடம் அதெல்லாம் நடக்காது. "ராசாவே வந்தாலும் நீ எறங்கின பொறவுதாம்ல வேட்டிய எறக்கணும்" என்பார்.

ஒருநாள் நான் ஸ்டூல்மேல் நிற்கிறேன், கையில் புடவைக் கட்டு. எனக்குப் பேசி வைத்திருந்த பெண் அப்பா அம்மாவோடு கடைக்குள் வந்தாள். என் கை தானாக மடிப்புக்குப் போனது. அண்ணாச்சி என் கணுக்கால் இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எறக்காதல மக்கா. தடுக்கி விழுந்திருவ."

"அண்ணாச்சி, மாமா நிக்காரு."

"நிக்கட்டும். அவரு தரையிலதான நிக்காரு."

தொடை தெரிய, அத்தனை உயரத்தில் நின்று, வருங்கால மாமனாருக்குக் கும்பிடு போட்டேன். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு மானமே போயிற்று. சாயங்காலமே தகவல் வந்தது, மரியாதை தெரியாத பயலுக்குப் பெண் கிடையாதாம்.

நான் அண்ணாச்சியோடு பேசவில்லை. மறுநாள் காலை அவர் ஸ்டூலைத் தலையில் வைத்துக்கொண்டு பெண் வீட்டுக்கு நடந்தார். தடுக்கப் பின்னாலேயே ஓடினேன். தெருவே வேடிக்கை பார்த்தது, எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மாமனார் வெளியே வந்ததும் அண்ணாச்சி முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார்.

"பயலுக்கு மரியாத உண்டும், கேட்டீரா. நாந்தான் எறக்க விடல்ல. எறக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு பாத்துக்கிடும்."

வேட்டியை இறக்கிவிட்டு, மாமனாருக்குப் பணிவாக ஒரு கும்பிடும் போட்டு, கீழே காலை வைத்தார். வேட்டி காலைச் சுற்றியது. விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

மாமனார் ஓடிவந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தார். பிறகு, "வைத்தியர்ட்ட கூட்டிட்டுப் போங்க, மாப்பிள்ள" என்றார். பெண் கிடைத்துவிட்டது, எனக்கோ தலை நிமிரவில்லை.

கல்யாணப் பந்தியில் இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு, அண்ணாச்சி இலைமுன் சும்மா உட்கார்ந்திருந்தார். மாலையும் கழுத்துமாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பருப்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். மாமனார் பார்த்தார், ஊரே பார்த்தது. எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை.