மூன்று நாள் கை வைக்காதீர்கள்

ஒழுங்காக ஒட்டிய ஒன்றை, ஒட்டியிருக்கிறதா என்று மனிதன் ஏன் பிரித்துப் பார்க்கிறான்? பள்ளியை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்து வீட்டு மோகனராஜுக்கும் தெரியவில்லை. ஆனால் அவர் பிரித்தார்.

இந்த இனத்தாருக்கு 'தொட்டுப்பார்ப்போர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஈரப் பெயின்ட் என்று அட்டை மாட்டிய சுவரில் விரலை வைத்து, அந்த விரலைச் சட்டையில் துடைத்து, "ஆமா, இன்னும் காயல" என்று ஊருக்கு அறிவிப்பவர். சோறு வேகும்போது மூடியை ஏழு தடவை திறந்துவிட்டு, வேகவில்லையே என்று குக்கரைத் திட்டுபவர். ஏற்கெனவே விளக்கெரியும் லிஃப்ட் பொத்தானை இன்னொரு முறை அமுக்கி, லிஃப்டுக்குத் தைரியம் சொல்பவர். புண் ஆறிவிட்டதா என்று பிளாஸ்டரைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பவர். எப்படி ஆறும்?

மோகனராஜ் இந்த இனத்தின் உயர்ந்த ரகம். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர், சுருக்கமாக 'கியூசி'. மற்றவர்கள் செய்ததை இருபத்திரண்டு வருடமாகத் தட்டியும் இழுத்தும் கிள்ளியும் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்த விரல்கள் ஓய்ந்துவிடுமா?

அவருடைய மகள் ஷர்மினிக்குக் குழந்தை பிறந்திருந்தது. வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து தாயும் சேயும் நேரே ஆயர் ஈத்தாமில் இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு வருகிறார்கள். ஒன்பதாவது மாடியில் அவர்களுக்கென்று ஒதுக்கிய அறை மேற்குப் பார்த்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் தொட்டில் இருக்கும் இடத்தில் வந்து சம்மணம் போட்டு உட்காரும். அதனால் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் கறுப்புத் தாள், டின்ட், வாங்கப் போனார்.

கடைக்காரர் அஸ்லான் எல்லாவற்றையும் விளக்கினார். "அண்ணே, கண்ணாடிய நல்லா கழுவுங்க. சோப்புத் தண்ணி அடிச்சு ஒட்டுங்க. நடுவுலருந்து ஓரத்துக்குத் தள்ளுங்க. ஓரம் ரப்பர் மேல ஏறக்கூடாது, ஒரு நகம் அளவு இடம் விட்டு வெட்டுங்க. அப்புறம் மூணு நாள் கை வைக்காதீங்க. வெச்சா ரோசாக்தான், மொத்தமும் கெட்டுப்போயிரும்."

"எனக்கேவா சொல்றீங்க, தம்பி? நான் கியூசி லா."

ஞாயிற்றுக்கிழமை மோகனராஜ் ஒட்டிய அழகைச் சொல்லியாக வேண்டும். கழுவினார், துடைத்தார், தண்ணீர் அடித்தார், தகட்டால் ஒரே சீராகத் தள்ளினார், ஓரங்களில் துணியைச் சுற்றி ஈரத்தை எடுத்தார். நான்கு மூலையும் கண்ணாடியோடு கண்ணாடியாகப் படிந்தன. அன்றைக்கே அவர் வெளியூர் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

திங்கள் காலை குளித்தார், சாமி கும்பிட்டார், நெற்றியில் மூன்று கோடு இழுத்தார். அதே கையோடு ஜன்னலுக்குப் போனார். மேல் மூலையை நகத்தால் லேசாகத் தூக்கினார். ஒட்டியிருக்கிறது! திருப்தியோடு அமுக்கி விட்டார். மற்ற மூன்று மூலைகளுக்கும் அதே மரியாதை. செவ்வாய்க்கிழமையும் குளியல், சாமி, மூலை. புதன்கிழமை மூலைகள் அவருக்கு வேலை வைக்கவில்லை. தாங்களாகவே தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன.

"சாமான் சரியில்ல," என்றார் மனைவி லோகேஸ்வரியிடம்.

"நீங்க தொட்டீங்களா?"

"தொடல. செக் பண்ணேன்."

கவனியுங்கள். இந்த இனத்தார் யாரும் எதையும் தொட்டதே கிடையாது.

மூலைகளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்தபடி அஸ்லான் முன்னால் போய் நின்றார். "பாருங்க, தம்பி. உங்க பசை பவுடரா கொட்டுது."

அஸ்லான் படத்தைப் பெரிதாக்கினார். மூலைக்கு மூலை வெள்ளைத் தூள். படத்தைப் பார்த்தார். மோகனராஜின் நெற்றியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நெத்தியில இருக்கிறதும் என் கடைப் பசையா?"

மோகனராஜின் கை தானாக நெற்றிக்குப் போனது. விரலைப் பார்த்தார். வெள்ளை. கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"பசையில திருநீறு பட்டா அப்புறம் எங்க ஒட்டும், அண்ணே? புதுசு ஒண்ணு கொண்டு போங்க. ஆனா மூணு நாள்..."

"வெள்ளிக்கிழம பிள்ள வருது, தம்பி. மூணு நாளுக்கு எங்க போறது?"

"அப்ப இருக்கிற ரெண்டு நாளாவது கைய பாக்கெட்டுல போடுங்க."

அன்று மாலையே மறுபடி ஒட்டினார். முதல் தடவையைவிட நன்றாகவே ஒட்டினார். கடைசி ஈரத்தைத் துடைத்ததும் லோகேஸ்வரி அவரை வெளியே அனுப்பி, அறையைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டார். கைப்பையைத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

வியாழக்கிழமை மோகனராஜால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. உள்ளே நான்கு மூலைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன? ஒன்று தூக்கினால்கூடத் தூசி உள்ளே புகும், மொத்தமும் உரியும், பேத்தியின் முகத்தில் வெயில் விழும். கதவுக் கைப்பிடியைத் திருகினார்.

"என்னங்க சத்தம்?" சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"பூட்டியிருக்கான்னு பாத்தேன்."

"பூட்டித்தான் இருக்கு!"

இருந்தாலும் இன்னும் நான்கு தடவை பார்த்தார்.

வெள்ளிக்கிழமை குழந்தை வந்தது. கதவு திறந்தது. மணி மூன்று. அறைக்குள் வெயில், மேகம் போட்ட நாள் மாதிரி இதமாக இருந்தது. நான்கு மூலையும் படிந்து கிடந்தன. மோகனராஜின் விரல் எழும்பியது. அதற்குள் லோகேஸ்வரி குழந்தையை அவர் கைகளில் வைத்துவிட்டார். இரண்டு கையும் நிரம்பிப் போயின. பேத்தி கண்ணை மூடிக்கொண்டாள். மெதுவாகத் தொட்டிலில் கிடத்தினார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே நகர்ந்தார்கள்.

ஒரு நிமிடம் கழித்து அறைக்குள்ளிருந்து வீறிடும் அழுகை.

"அப்பா!" என்று கத்தினாள் ஷர்மினி. "என்னப்பா பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. தூங்கிட்டாளான்னு பாத்தேன்."

அன்றிலிருந்து ஜன்னல் பக்கம் அவர் போகவில்லை. அவருக்குச் சோதிக்க வேறு ஆள் கிடைத்துவிட்டது. டின்ட் இன்றுவரை ஒட்டியே இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? உங்கள் கைப்பேசியின் கண்ணாடித் தாளில் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருக்குமே. அதை இப்போது எந்த நகம் நோண்டிக்கொண்டிருக்கிறது? பரவாயில்லை, அந்தக் கையாலேயே இந்தக் கதையை உங்களுக்குத் தெரிந்த நான்கு பேருக்கு அனுப்புங்கள். அனுப்பிவிட்டு, படித்துவிட்டார்களா என்று மட்டும் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.